ஆப்பிரிக்காவில் சமத்துவமும் நீடித்த வளர்ச்சியும்: ஆய்வில் புதிதாக இறங்குபவருக்கு

'ஆப்பிரிக்காவில் சமூகச் சமத்துவமும் நீடித்த வளர்ச்சியும்' என்று தலைப்பு எழுதிக்கொண்டு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த ஊர்?" என்பதைத்தான். பதில் வர நேரமாகும். 54 நாடுகள், 2,000க்கு மேற்பட்ட மொழிகள், பாலைவனம், மழைக்காடு, பெருநகரம், மீன்பிடிக் கரை. இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கி எழுதினால் அங்கே வாழும் ஒரு மனிதர்கூடக் கண்ணில் படமாட்டார். மனிதர் கண்ணில் படாத ஆய்வில் சமத்துவத்தைப் பற்றி எதைச் சொல்ல முடியும்?

முதுகலை ஆய்வேடு எழுதுவோர், முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுவோர், தொண்டு நிறுவன வேலைக்காக இந்தத் துறைக்குள் வந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் எதுவும் ஒட்டாது. அதனால் வழி நெடுக ஓர் இடத்தைக் கையில் பிடித்துக்கொள்வோம்: கென்யாவின் வடக்கே, துர்கானா ஏரிப் பகுதிக் காற்றாலை.

1. முதலில் ஓர் இடம்

மார்சபிட் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), ஏரியின் தென்கிழக்குப் பக்கம், 365 காற்றாலைகள் நிற்கின்றன. மொத்தத் திறன் 310 மெகாவாட். 2018இல் நாட்டின் மின்கட்டமைப்போடு இணைந்தது, 2019 ஜூலையில் திறப்பு விழா நடந்தது. ஆப்பிரிக்காவிலேயே பெரிய காற்றாலைத் திட்டம் என்று அப்போது உலகமெங்கும் செய்தி வந்தது. புகை இல்லை, நிலக்கரி இல்லை. லைசாமிஸ் என்ற ஊரிலிருந்து திட்டம் இருக்கும் இடம் வரை 208 கிலோமீட்டர் சாலையும் செப்பனிடப்பட்டது. நீடித்த வளர்ச்சி என்று ஒரு பாடநூல் அட்டையில் போட இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

அந்தப் படத்தின் கீழ்ப்பகுதியில் நிலம் இருக்கிறது. திட்டத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது 1,50,000 ஏக்கர். துர்கானா, சம்புரு, ரெண்டில்லே, எல் மோலோ மக்கள் வாழும் வட்டாரம் அது. ஒட்டகமும் ஆடும் மேய்த்து, தண்ணீர் இருக்கும் திசை பார்த்து நகரும் வாழ்க்கை அவர்களில் பலருக்கு. திட்டப் பகுதிக்குள் இருந்த ஒரு குடியிருப்பு இடம் மாற்றப்பட்டது. உள்ளூர் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021 அக்டோபரில், மெரு நகரிலுள்ள சுற்றுச்சூழல் மற்றும் நில நீதிமன்றம், அந்த நிலத்துக்கான பட்டாக்கள் முறைகேடாகவும் சட்டத்துக்குப் புறம்பாகவும் பெறப்பட்டவை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த நாளில் காற்றாலைகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. அங்கே பிறக்கும் மின்சாரம் 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கம்பியில் ஏறி, நைரோபிக்கு அருகிலுள்ள சுஸ்வா துணைமின் நிலையத்துக்குப் போகிறது.

தூய மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த மேய்ப்பர்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதிலும் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் மோதுகிற இப்படிப்பட்ட ஓர் ஊரைக் கண்டுபிடித்தால் உங்கள் ஆய்வில் பாதி தூரம் கடந்துவிட்டீர்கள். இடம் தேடும்போது மூன்றைப் பாருங்கள்: அங்கே உண்மையான தகராறு ஏதேனும் உண்டா, அதைப் பற்றிய ஆவணங்கள் வெளியே கிடைக்குமா, அங்குள்ள மொழி பேசும் ஒருவரோடு நீங்கள் சேர்ந்து வேலை செய்ய முடியுமா.

2. கேள்வியில் 'யாருக்கு' இருக்கட்டும்

'காற்றாலைத் திட்டத்தால் வளர்ச்சி ஏற்பட்டதா?' என்று கேட்டால் எல்லாருக்கும் ஏற்ற ஒரு பதில் கிடைத்துவிடும். அதனால் அது நல்ல கேள்வி ஆகாது. 'சாலை வந்தபின் லைசாமிஸ் சந்தையில் ஆடு விற்கும் பெண்களுக்குக் கிடைக்கும் விலை மாறியதா?' என்று கேளுங்கள். 'திட்டத்தின் வேலைகள் எந்த இனக்குழுவுக்கு, எந்த வயதினருக்குப் போயின?' என்று கேளுங்கள். 'குத்தகை முடிவான கூட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் பெயர் பதிவேட்டில் இல்லை?' என்பது இன்னும் நல்ல கேள்வி.

சமத்துவம் என்ற சொல் காற்றில் மிதக்காமல் இருக்க, ஆப்பிரிக்கச் சட்ட மரபிலேயே ஒரு பிடி உண்டு. 1981இல் ஏற்கப்பட்ட மனித, மக்கள் உரிமைகளுக்கான ஆப்பிரிக்கச் சாசனம் 'வளர்ச்சி பெறும் உரிமை'யைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. கென்யாவின் போகோரியா ஏரிக்கரையிலிருந்து 1970களில் வனவிலங்குக் காப்பகத்துக்காக வெளியேற்றப்பட்ட எண்டோரோய் மக்கள், இந்த உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். 2010இல் வெளிவந்த முடிவு அவர்கள் பக்கம் நின்றது. வளர்ச்சி என்பது கைக்கு வரும் பலன் மட்டுமல்ல, அதை எப்படி முடிவு செய்தோம் என்ற நடைமுறையும் அதில் அடக்கம் என்று ஆணையம் சொன்னது. அடுத்து, கென்யாவிலேயே மாவ் காட்டின் ஓகியெக் மக்களுக்கு, தான்சானியாவின் அரூஷாவிலிருக்கும் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017இல் சாதகமாகத் தீர்ப்பளித்து, 2022இல் இழப்பீட்டையும் அறிவித்தது.

ஆகவே ஆய்வுக் கேள்வியை எழுதிய தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் 'பலன் யாருக்கு, பாரம் யாருக்கு'. இன்னொன்றில் 'முடிவெடுத்தது யார், எப்படி'. இரண்டு கட்டத்துக்கும் எழுத ஏதாவது இருந்தால் கேள்வி தேறியது.

3. அந்த மண்ணின் அறிஞர்களை முதலில் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தேடுபொறியில் தட்டினால் முதலில் வருவது லண்டனிலும் வாஷிங்டனிலும் எழுதப்பட்டவை. அவற்றில் நல்லவை நிறைய உண்டு. ஆனால் அவற்றிலிருந்து தொடங்கினால் கேள்வியும் அங்கிருந்தே வந்துவிடும்.

செனகலின் தக்கார் நகரில் 1973இல் தொடங்கிய கோடெஸ்ரியா, ஆப்பிரிக்கச் சமூக அறிவியலாளர்கள் தமக்காகக் கட்டிய அமைப்பு. எகிப்தியப் பொருளியலாளர் சமீர் அமீன் அதன் முதல் செயலாளர். மலாவியைச் சேர்ந்த தண்டிகா ம்கண்டவிரே 1980களிலும் 90களிலும் அதை வழிநடத்தினார். உதவி என்பதை 'மிக ஏழைகளைத் தேடிப்பிடித்துக் கொடுப்பது' என்று சுருக்கக்கூடாது, அனைவருக்குமான சமூகக் கொள்கையே உற்பத்தியையும் ஒற்றுமையையும் வளர்க்கும் என்று அவர் தொடர்ந்து வாதாடினார். சமத்துவத்தைப் பற்றி எழுத வருகிற எவரும் அவரைப் படிக்காமல் பேனாவை எடுக்கக்கூடாது என்பது என் கருத்து.

ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன் என்ற தளம் தென்னாப்பிரிக்காவிலிருந்து இயங்குகிறது. ஆப்பிரிக்காவிலேயே வெளியாகும் நூற்றுக்கணக்கான ஆய்விதழ்கள் ஒரே இடத்தில் கிடைக்கும், பலவற்றைக் காசில்லாமல் படிக்கலாம். நகர்ப்புற வறுமையைப் பற்றி என்றால் நைரோபியிலுள்ள ஆப்பிரிக்க மக்கள்தொகை, சுகாதார ஆய்வு மையம் இருக்கிறது. கொரோகோச்சோ, விவாண்டானி என்ற இரண்டு குடிசைப் பகுதிகளில் 2002 முதல் வீடு வீடாகப் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வைப் பதிந்து வந்த மையம் அது.

நீதிமன்றத் தீர்ப்புகளை மறந்துவிடாதீர்கள். கென்யா லா தளத்தில் தீர்ப்பு முழுதும் கிடைக்கும். துர்கானா வழக்கின் தீர்ப்பை வரி விடாமல் படியுங்கள். மக்கள் சொன்னது, நிறுவனம் சொன்னது, அரசு சொன்னது என்று மூன்று நிறப் பேனாவால் கோடிடுங்கள். மேய்ச்சல் இப்போதும் தடையின்றி நடக்கிறது, வேலையும் சாலையும் வந்தன என்ற நிறுவனத்தின் வாதத்தையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும். அதைத் தாண்டி வந்தால்தான் உங்கள் முடிவுக்கு வலு.

படிக்கும்போது சொற்களில் கண் வையுங்கள். திட்ட அறிக்கைகளில் 'வெற்று நிலம்', 'பயன்படாத நிலம்' என்று வந்தால் அங்கே நின்றுவிடுங்கள். ஊருக்கெல்லாம் பொதுவாக இருந்த நிலத்துக்குப் 'புறம்போக்கு' என்று பெயர் வைத்து, கடைசியில் அதையே வசைச் சொல்லாகவும் ஆக்கிவிட்ட மொழி நம்முடையது. ஆறு மாதம் ஆளில்லாத மேய்ச்சல் நிலம் அடுத்த வறட்சிக்கு விட்டுவைத்த சேமிப்பாக இருக்கலாம் என்பது நமக்குப் புரியாதா என்ன.

4. புகழ்பெற்ற முடிவுகளையும் தட்டிப் பாருங்கள்

கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா கைபேசிப் பணப் பரிமாற்றத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அது 1,94,000 குடும்பங்களை, அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதத்தை, வறுமையிலிருந்து மீட்டது என்று 2016இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதன் முறையிலேயே குறை இருக்கிறது, தோற்றுப்போன சிறு தொழில்களும் கடன் சுமையும் கணக்கில் வரவில்லை என்று 2019இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளில் நடந்த குடற்புழு நீக்க ஆய்வும் அப்படித்தான். 2004இல் வெளியானது, அதை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் க்ரெமர் பின்னர் நோபல் பெற்றார். அதே தரவை 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் மீண்டும் கணக்கிட்டபோது சில பிழைகள் தெரிந்து பெரிய விவாதமே கிளம்பியது.

யார் சரி என்று உடனே தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆய்வையும் மறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்தத் துறையில் கிடைக்கும் சிறந்த பயிற்சி. குடற்புழு ஆய்வை நடத்தியவர்கள் தங்கள் தரவைத் திறந்து வைத்ததால்தான் அந்த மறுகணக்கு முடிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. எண்களுக்குப் பின்னால் இருக்கும் கையைப் பாருங்கள்

2010 நவம்பரில் கானா தன் உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டை மாற்றியது. பொருளாதாரம் ஒரே நாளில் சுமார் 60 சதவீதம் பெரிதானது, 'ஏழை நாடு' என்ற பட்டியலிலிருந்து 'கீழ்நடுத்தர வருமான நாடு' ஆனது. சந்தையில் மீன் விற்றவரின் கூடையில் அன்று ஒரு மீன்கூடக் கூடவில்லை. 2014இல் நைஜீரியா இதையே செய்தபோது உயர்வு 89 சதவீதம். ஒரு நாட்டின் வளர்ச்சி வரைபடத்தில் திடீர்ப் படிக்கட்டு தெரிந்தால், முதலில் கணக்குமுறை மாறியதா என்று பாருங்கள்.

மனிதர்களின் நிலையை அறிய, கானாவின் அக்ராவைத் தலைமையிடமாகக் கொண்ட அஃப்ரோபாரோமீட்டர் என்ற கருத்துக்கணிப்பு நல்ல தொடக்கம். 1999 முதல் நடக்கிறது. ஒரு நாட்டுக்கு 1,200 அல்லது 2,400 பேரை, அவரவர் மொழியில், நேரில் உட்கார்ந்து கேட்கிறார்கள். கடந்த ஓராண்டில் உணவு, தண்ணீர், மருந்து, அடுப்பெரிக்க எரிபொருள், பணம் இல்லாமல் எத்தனை முறை இருந்தீர்கள் என்ற ஐந்து கேள்விகள் அதில் உண்டு. வருமானத்தைக் கேட்பதைவிட இது உண்மைக்கு நெருக்கம் என்று நினைக்கிறேன். தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு நாட்டுக்கான மாதிரியை ஒரு கவுன்டிக்குப் பிரித்துப் பேசக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2019 கணக்கெடுப்பின்படி மார்சபிட்டின் மக்கள்தொகை சுமார் 4,60,000, கென்யாவினுடையது 4.76 கோடி. 2,400 பேரில் மார்சபிட்டின் பங்கு எத்தனை பேராக இருக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

டிஎச்எஸ் எனப்படும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள் 1984 முதல் நடந்தவை, தாய்சேய் நலத்துக்கு இன்றும் அடிப்படை. 2025இல் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியதும் நடந்துகொண்டிருந்த கணக்கெடுப்புகள் பாதியில் தடுமாறின. பயன்படுத்தும் தரவு எதுவானாலும் அன்றே இறக்கி, கேள்வித்தாளோடும் விளக்கக் கையேட்டோடும் சேர்த்துப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை ஆய்வுகளில் வரும் 'செல்வக் குறியீடு' பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். தரை சிமெண்டா, கூரை தகரமா, மின்சாரம் உண்டா, தொலைக்காட்சி உண்டா என்பவற்றை வைத்து ஒரு குடும்பத்தை ஐந்து படிகளில் ஒன்றில் ஏற்றுவார்கள். பாயும் குச்சியும் வைத்துக் கட்டிய, ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற வீட்டில் வாழும் ரெண்டில்லே குடும்பம் இதில் அடிப்படியில்தான் விழும், பட்டியில் எத்தனை ஒட்டகம் நின்றாலும். குறியீடு நகரத்தின் பக்கம் சாய்கிறது என்ற குறை பழையது. அதைச் சரிசெய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. உங்கள் அட்டவணையில் 'ஏழை' என்று எழுதுமுன் எந்தக் குறியீட்டால் ஏழை என்று எழுதுங்கள்.

'குடும்பம்' என்ற சொல்லும் அப்படித்தான். ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்புகளில் வழக்கம். ஒரு துர்கானா பெரியவரின் வளாகத்தில் மூன்று மனைவியர், ஒவ்வொரு மனைவிக்கும் தனிக் குடிசை, தனி அடுப்பு, அவளுடைய பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பால்மாடுகள். இது ஒரு குடும்பமா, மூன்றா? ஒன்று என்று எழுதினால் மூன்று பெண்கள் ஒரு ஆணின் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள். மூன்று என்று எழுதினால் மந்தை யாருடையது என்ற கேள்வி பதிலின்றி நிற்கும். இரண்டு அடுக்கிலும் பதிவு செய்யுங்கள். கூடுதல் வேலைதான், ஆனால் உங்கள் ஆய்வில் சமத்துவம் தெரியப்போவதே இந்தப் பதிவில்தான்.

6. அனுமதி, ஒப்புதல்

கென்யாவில் ஆய்வு செய்ய நாகோஸ்டி என்ற தேசிய ஆணையத்தின் உரிமம் வேண்டும், தான்சானியாவில் கோஸ்டெக். பல்கலைக்கழக நெறிக்குழு ஒப்புதலும் உள்ளூர் நிறுவனம் ஒன்றின் இணைப்பும் கேட்பார்கள். சில மாதங்கள் ஆகும் என்று கணக்கு வையுங்கள். கென்யாவில் 2019 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, குரல்பதிவும் ஒளிப்படமும் அதில் வரும்.

காகித அனுமதி வேறு, மக்களின் ஒப்புதல் வேறு. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் இதை உலகுக்கே கற்றுக்கொடுத்தார்கள். பசியை அடக்க அவர்கள் தலைமுறைகளாக மென்ற ஹூடியா செடியின் கூறுக்கு 1990களில் ஓர் அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை பெற்றது, வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு உரிமமும் போனது. சான் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போராடி 2003இல்தான் பலனில் பங்கு ஒப்பந்தம் பெற்றார்கள். 2017இல் அவர்களே ஆய்வு நெறிமுறை ஒன்றை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்பவை அதன் அடிப்படை. எங்கள் மன்றத்திடம் முதலில் வாருங்கள், எங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள், கண்டதை எங்களிடம் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதே அதன் சாரம். சில பக்கங்கள்தான். படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

7. களத்தில்

மொழிபெயர்ப்பாளரை உதவியாளராக நினைக்காதீர்கள், அவர் உங்கள் சக ஆய்வாளர். கேள்வித்தாளைச் சம்புரு மொழிக்கு ஒருவர் மாற்றட்டும், அதைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்கோ சுவாஹிலிக்கோ மாற்றட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். இனக்குழுக்களுக்கிடையே மேய்ச்சல் சண்டை இருக்கும் பகுதியில் எந்தக் குழுவைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் எந்தக் குடியிருப்புக்குப் போகலாம் என்பதை உள்ளூர் ஆட்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

'உங்களிடம் எத்தனை ஒட்டகம்?' என்று முதல் சந்திப்பில் கேட்பது, 'வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்பதற்குச் சமம். '2020 முதல் 2023 வரை மழை பொய்த்த நாட்களில் எவ்வளவு இழந்தீர்கள், இப்போது எத்தனை கறக்கிறது?' என்று கேட்டால் பேச்சு தானாக வரும். பெண்களிடம் தனியே, பெண் ஆய்வாளர் மூலம் பேசுங்கள். தண்ணீர் எடுக்கும் நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள், கூட நடந்து போங்கள். அந்த நடையின் தூரமே ஒரு தரவு.

போக வசதி இல்லாதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் உண்டு, சென்டினல்-2 படங்கள் 2015 முதல் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசம். குடியிருப்பு நகர்ந்ததையும் சாலை வந்ததையும் மேசையிலிருந்தே பார்க்கலாம். தீர்ப்பு, படம், கணக்கெடுப்பு மூன்றையும் சேர்த்தால் தரமான முதுகலை ஆய்வேடு ஒன்று வரும். ஆனால் மக்கள் என்ன நினைத்தார்கள் என்று அதில் எழுதாதீர்கள். படத்தில் அது தெரியாது.

8. எழுதுவதும் திருப்பித் தருவதும்

தலைப்பில் ஊர்ப் பெயர் இருக்கட்டும். உங்களோடு களத்தில் நடந்த உள்ளூர் ஆய்வாளரின் பெயர் நன்றியுரையில் மட்டும் வந்தால் போதாது, ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். யாரையும் அடையாளம் காட்டிவிடும் விவரத்தை நீக்குங்கள். 30 குடிசை உள்ள ஊரில் 'மூன்று ஒட்டகம் வைத்திருக்கும் கைம்பெண்' என்று எழுதினால் பெயரே சொன்னதற்குச் சமம்.

எழுதி முடித்ததும் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றைச் சுவாஹிலியில் தயாரியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்காக அவர்கள் மொழியில் 10 நிமிட ஒலிப்பதிவும் செய்யுங்கள். பதிப்பிக்கும் முன்பே அதை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போய், மரத்தடியில் போட்டுக் காட்டி, "இதில் எது தவறு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களை, நீங்கள் ஒப்புக்கொள்ளாதவற்றையும் சேர்த்து, கட்டுரையிலேயே பதியுங்கள். இந்த இரண்டாம் பயணத்துக்கான வண்டிச் செலவு, மொழிபெயர்ப்பாளர் ஊதியம், தங்குமிடம் ஆகியவற்றை முதல் நிதிக் கோரிக்கையிலேயே தனி வரியாக எழுதிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பணம் இருக்காது.